ஆடம் ஸ்மித்தும் பிறவித் தொழிலும்

(ஒரு வாசகசாலை ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது ஆடம் ஸ்மித் என்னும் ஸ்காத்லாந்து தேசத்து அறிஞரைப் பற்றியதாகும். இவர் 1723-ம் வருஷத்தில் பிறந்து 1790-ம் வருஷத்தில் காலமானவர். பொருளாதார சாஸ்திரம் என்று உலகத்துச் சர்வகலாசாலைகளிலெல்லாம் கற்பிக்கப்படுவதற்கு இவரையே மூலபுருஷர் என்று சொல்லுவார்கள். தொழிலுக்கும் வியாபாரத்திற்கும் போடப்பட்டிருக்கும் தடைகளை எடுத்துவிட வேண்டும் என்பது இவருடைய முக்கியக் கொள்கை. சுயமரியாதை மேடையில் இவருக்கு என்ன வேலை என்று உங்களில் சிலர் நினைக்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான்.

பெரிய முதலாளிமார்களும் அவர்களுக்கு வேண்டிய பத்திரிகைகளும், “சர்க்கார் எதிலும் தலையிடக் கூடாது, கூலி இவ்வளவு என்று சட்டம் செய்யக் கூடாது, இது ஆடம் ஸ்மித் சொன்ன தர்மம்” என்கிறார்கள். மற்றொரு பக்கத்தில் சமதர்மம் பேசும் தோழர்களில் சிலரோ, “அவர் முதலாளிகளுடைய குரு; அவர் புஸ்தகம் நமக்கு எதற்கு?” என்கிறார்கள். இந்த இரண்டு கூட்டத்தாரும் பெரும்பாலும் அவர் புஸ்தகத்தைப் படியாமலே பேசுகிறார்கள். மனுதர்மத்தைக் கண்ணால் பாராமலே அதைப் புகழுகிறவர்கள் நம் நாட்டில் எத்தனை பேர்? அதுபோலத்தான் இதுவும். நாம் பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவர்களல்ல. ஆனாலும் ஒரு மனிதர் என்ன சொன்னார் என்பதை அவர் எழுதியதைக் கொண்டு பார்க்க வேண்டுமேயொழிய, அவர் பெயரைச் சொல்லிப் பிழைக்கிறவர்களைக் கொண்டு பார்க்கக் கூடாது என்கின்ற அளவுக்கு நமக்கு அறிவு உண்டு.

அப்படிப் பார்த்ததில் நமக்குப் பட்டது இதுதான். ஆடம் ஸ்மித் கேட்ட சுதந்திரம் பணக்காரன் தன் இஷ்டப்படி நடக்கின்ற சுதந்திரமல்ல. ஒருவனுக்குப் பிறவியாலும், சட்டத்தாலும், மதத்தாலும் போடப்பட்ட பூட்டை உடைப்பதே அவர் கேட்ட சுதந்திரம். அந்தப் பூட்டுக்கு உதாரணம் சொல்ல வந்தவிடத்தில் அவர் நம் நாட்டையே பெயர் சொல்லிக் காட்டியிருக்கிறார். அந்தச் சங்கதியைச் சொல்லத்தான் வந்தோம்.

அவர் வளர்ந்த இடம்

அக்காலத்து ஸ்காத்லாந்து மதவெறியில் நம் நாட்டுக்கு இளைத்ததல்ல. 1697-ம் வருஷத்தில், எடின்பரோ நகரத்தில், தாமஸ் ஏகன்ஹெட் என்கின்ற 20 வயது மாணவனை மத நிந்தனை செய்தான் என்று தூக்கிலிட்டுக் கொன்றார்கள். இது நடந்து 26 வருஷம் சென்று, எடின்பரோவுக்கு எதிர்க்கரையிலுள்ள கெர்க்கால்டி என்னும் சிறு துறைமுகப் பட்டணத்தில் ஸ்மித் பிறந்தார். அவர் பிறப்பதற்கு முன்பே தகப்பனார் இறந்துபோனார். தாயார்தான் வளர்த்தார்.

அந்தப் பக்கத்தில் நிலக்கரிச் சுரங்கங்களும் உப்புக் காய்ச்சும் இடங்களும் உண்டு. அவற்றில் வேலை செய்தவர்கள் சட்டப்படி ஆயுள் வரைக்கும் கட்டுப்பட்டவர்கள். சுரங்கத்தை விற்றால் ஆளும் சேர்ந்து கைமாறுவான். இந்தக் கொடுமையை ஒழிக்க 1775-ல் ஒரு சட்டம் வந்தும் போதாமல், 1799-ல் இன்னொரு சட்டம் வந்த பிறகுதான் அது முற்றும் நீங்கிற்று. ஆகவே, தொழிலில் மனிதனைக் கட்டிப்போடுவது என்றால் என்ன என்பதை ஸ்மித் ஏட்டில் மாத்திரம் படித்தவரல்ல.

14-வது வயதில் கிளாஸ்கோ சர்வகலாசாலைக்குப் போனார். அங்கே அவருக்கு வாய்த்த ஆசிரியர் பிரான்சிஸ் ஹச்சிசன் என்பவர். இந்த ஆசிரியர் இரண்டு காரியங்கள் செய்தார். ஒன்று, அதுவரை பண்டிதர்கள் லத்தீன் பாஷையிலே பாடம் சொல்லி வந்ததை விட்டு, ஜனங்களுக்குத் தெரிந்த இங்கிலீஷில் பாடம் சொன்னார். மற்றொன்று, கடவுளைப் பற்றிய ஞானம் இல்லாமலே நன்மை தீமையை மனிதன் அறிந்துகொள்ள முடியும் என்று கற்பித்தார். இதற்காக 1738-ல் பாதிரி சபையார் அவர்மேல் குற்றம் சாட்டினார்கள். செத்த பாஷையில் மந்திரம் சொன்னால்தான் மோக்ஷம் என்கின்ற கூட்டத்தாரோடு மல்லாடிக் கொண்டிருந்த நமக்கு, இந்த ஆசிரியர் அந்நியராகத் தோன்றவில்லை.

பிறகு ஸ்மித் உபகாரச் சம்பளத்தின் பேரில் ஆக்ஸ்போர்டுக்குப் போய் ஆறு வருஷம் இருந்தார். அங்கே உபாத்தியாயர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு, பாடம் சொல்லுவதாகப் பாசாங்கு செய்வதைக்கூட விட்டுவிட்டார்கள் என்று பிற்காலத்தில் எழுதினார். வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் மானியம் நிச்சயம் என்றால் ஆள் சோம்பேறியாகிறான் என்பது அவர் அங்கே கண்டுகொண்ட பாடம். மடங்களையும் மானியங்களையும் பார்த்திருக்கிற உங்களுக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை. டேவிட் ஹியூம் என்கின்ற பகுத்தறிவாளரின் புஸ்தகத்தை ஸ்மித் அறையில் வைத்துப் படித்ததைக் கண்டு, அதிகாரிகள் பிடுங்கிக்கொண்டு கண்டித்தார்கள் என்றும் ஒரு வரலாறு உண்டு. அந்த ஹியூமே பின்னால் அவருக்கு உயிர்த் தோழரானார்.

1751-ல் கிளாஸ்கோவிலேயே ஆசிரியரானார். வகுப்பை ஜெபத்தோடு ஆரம்பிக்கும் வழக்கத்திலிருந்து தம்மை விட்டுவிட வேண்டும் என்று அவர் கேட்டதாகவும், மேலதிகாரிகள் மறுத்துவிட்டதாகவும் அவர் காலத்தவர் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். 1759-ல் மனித உணர்ச்சியையும் ஒழுக்கத்தையும் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். 1764-ல் ஒரு பிரபுவின் பிள்ளைக்கு ஆசிரியராகப் பிரான்சுக்குப் போகும்போது, நடுவில் பாடத்தை விட்டுப் போகிறோமே என்று மாணவர்கள் கட்டிய சம்பளத்தைத் திருப்பிக் கொடுத்தார். அவர்கள் வேண்டாம் என்றும் விடவில்லை. திரும்பி வந்து சுமார் பத்து வருஷம் உழைத்து, 1776-ம் வருஷம் மார்ச்சு மாதம் 9-ந் தேதி, “தேசங்களின் செல்வம்” என்னும் பெரிய புஸ்தகத்தை வெளியிட்டார்.

குண்டூசியும் மூட்டைக்காரனும்

அந்தப் புஸ்தகம் கடவுள் வாழ்த்தோடு ஆரம்பிக்கவில்லை. குண்டூசியில் ஆரம்பிக்கிறது. ஒருவன் தனியாக உட்கார்ந்து குண்டூசி செய்தால் ஒரு நாளைக்கு ஒன்று செய்வதும் கஷ்டம். 20 செய்யவே முடியாது. ஆனால் ஒருவன் கம்பியை இழுக்க, ஒருவன் நேராக்க, ஒருவன் வெட்ட, ஒருவன் கூராக்க, இப்படிச் சுமார் 18 வேலைகளாகப் பிரித்துக்கொண்டு 10 பேர் செய்த ஒரு சிறு பட்டறையில், நாள் ஒன்றுக்கு 48,000 குண்டூசிகள் ஆயின. ஆளுக்கு 4,800 வீதம். செல்வம் என்பது லக்ஷ்மி கடாக்ஷத்தினால் வருவதுமல்ல, ராஜாவின் பொக்கிஷத்தில் தங்கம் குவிப்பதினால் வருவதுமல்ல. மனிதன் உழைப்பை ஒழுங்காகப் பிரித்துக்கொள்வதினால் வருகிறது என்று காட்டினார்.

இதைக் கேட்டவுடன் வருணாசிரமக்காரர்களுக்குச் சந்தோஷம் வந்துவிடும். “பார்த்தீர்களா! தொழிற் பிரிவினையைத்தானே எங்கள் முன்னோர்கள் ஜாதி என்று செய்து வைத்தார்கள்? வெள்ளைக்காரனே ஒப்புக்கொண்டான்” என்பார்கள். தோழர்களே! அவசரப்பட வேண்டாம். அடுத்த அத்தியாயத்தையும் படிக்கச் சொல்லுங்கள்.

தத்துவ சாஸ்திரிக்கும் தெருவில் மூட்டை தூக்குகிறவனுக்கும் உள்ள வித்தியாசம் பிறவியில் வந்ததல்ல. பழக்கத்தாலும் வழக்கத்தாலும் படிப்பாலும் வந்தது என்று ஸ்மித் அங்கே சொல்லுகிறார். ஆறு அல்லது எட்டு வயது வரைக்கும் இரண்டு பிள்ளைகளும் ஒரே மாதிரிதான் இருந்தார்கள். தாய் தகப்பனுக்கும் விளையாட்டுத் தோழனுக்குங்கூட வித்தியாசம் தெரியவில்லை. பிறகு வேறு வேறு தொழிலில் விடப்பட்டதினால் வித்தியாசம் வளர்ந்தது. கடைசியில் சாஸ்திரியின் தற்பெருமையானது இரண்டு பேருக்கும் ஒற்றுமையே இல்லை என்று சாதிக்கிறது என்கிறார். இதைச் சொன்னவர் யார்? மூட்டை தூக்குகிறவரல்ல. தாமே தத்துவ சாஸ்திரியாக இருந்து சொன்னார். நம் நாட்டுச் சாஸ்திரிகளில் அப்படிச் சொன்னவர்களை விரல் விட்டு எண்ணுங்கள்; விரல் மிச்சமாக இருக்கும்.

நம் நாட்டைப் பற்றி அவர் சொன்னது

ஒரு சரக்கின் விலையும், ஒரு தொழிலின் கூலியும் எப்படி ஏறி இறங்குகின்றன என்பதற்கு ஒரு தனி அத்தியாயம் எழுதியிருக்கிறார். ஒரு தொழிலில் கூலி கட்டுப்படியாகாத அளவுக்குக் குறைந்தால் என்ன நடக்க வேண்டும்? அதிலிருப்பவர்களில் சிலர் வேறு தொழிலுக்குப் போவார்கள். ஆள் குறையும். ஆள் குறைந்தால் மிச்சமுள்ளவர்களைக் கெஞ்ச வேண்டிவரும். கூலி தானே ஏறும். இதற்கு மந்திரமும் வேண்டாம், தந்திரமும் வேண்டாம். ஆனால் போவதற்கு வழி இல்லாவிட்டால்? அங்கேதான் ஹிந்துஸ்தானத்தையும் பழைய எகிப்து தேசத்தையும் எடுத்துக் காட்டுகிறார். அவ்விடங்களில் தகப்பன் தொழிலையே மகன் செய்ய வேண்டும் என்பது மதக் கட்டளை. மாற்றினால் மகா பாவம். அப்படிப்பட்ட கொடிய ஏற்பாடு இருந்தால்தான் ஒரு கூட்டத்தாரின் கூலியைத் தலைமுறை தலைமுறையாகத் தாழ்த்தியே வைத்திருக்க முடியும் என்கிறார்.

இதை உங்கள் ஊர்ச் சங்கதியோடு வைத்துப் பாருங்கள். அக்காலத்தில் அறுவடைக் களத்தில் வண்ணாருக்கும் நாவிதருக்கும் வெட்டியானுக்கும் போடுகின்ற நெல்லுக்குச் “சுதந்திரம்” என்று பெயர். நல்ல பெயர்தான்! அந்த நெல் போதாது என்றால் அந்தத் தொழிலை விட்டுவிடுகின்ற சுதந்திரம் மட்டும் அவர்களுக்குக் கிடையாது. வெட்டியான் மகன் “எனக்கு இந்தக் கூலி கட்டாது, நான் மளிகைக் கடை வைக்கிறேன்” என்றால் யார் அவனிடம் சாமான் வாங்கினார்கள்? கடவுள் விதித்தது, முன் ஜன்மத்து வினை என்று சொல்லி வாயை அடைத்தார்கள். புரோகிதன் சொன்ன கர்ம சித்தாந்தம் ஆகாயத்தில் நின்றுவிடவில்லை. களத்து மேட்டில் இறங்கி வந்து மரக்காலைக் குறைத்தது. மதத்தைத் தாக்கினால் ஏழைக்கு வயிறு நிரம்புமா என்று நம்மைக் கேட்கிறார்களே, அவர்களுக்கு இதுதான் பதில்.

இதே அத்தியாயத்தில் மற்றொரு பக்கத்தையும் சொல்லியிருக்கிறார். ஒரு தொழிலை இன்ன கூட்டத்தார்தான் செய்யலாம், மற்றவர்கள் நுழையக் கூடாது என்று தனி உரிமை கொடுத்துவிட்டால், அந்தக் கூட்டத்தார் தங்கள் சரக்குக்கு வேண்டிய விலையை வைத்துக்கொண்டு தலைமுறைக் கணக்காகக் கொழுக்கலாம் என்கிறார். ஆக, வெளியே போகவொட்டாமல் பூட்டினால் கீழேயிருப்பவன் நசுங்குகிறான். உள்ளே வரவொட்டாமல் பூட்டினால் மேலேயிருப்பவன் கொழுக்கிறான். ஜாதியென்பது இரண்டு பூட்டையும் ஒரே சாவியால் பூட்டிய ஏற்பாடு. கர்ப்பக்கிருகத்துக்கு உட்பூட்டு, சுடுகாட்டுக்கு வெளிப்பூட்டு.

இந்தப் பூட்டைப் புதுப்பிக்கப் பார்த்தவர்களும் உண்டு. 1953-ல் சென்னை ராஜ்யத்தில் ராஜகோபாலாச்சாரியார் முதன் மந்திரியாயிருந்தபோது, கிராமத்துப் பிள்ளைகள் பாதி வேளை பள்ளிக்கூடம், பாதி வேளை தகப்பன் தொழில் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். குலக் கல்வி என்று அதை எதிர்த்து நம் இயக்கம் செய்த கிளர்ச்சியும், 1954-ல் காமராஜர் மந்திரிசபை அதை எடுத்துவிட்டதும் உங்களுக்குத் தெரியும். தடையற்ற வியாபாரம் பேசின அதே ஆச்சாரியார் பிள்ளையின் தொழிலுக்கு மட்டும் தடை வைத்தார். ஆடம் ஸ்மித் இருந்திருந்தால் எந்தப் பக்கத்தில் நின்றிருப்பார் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

பூட்டுப் போட்டவர்கள் யார்?

இங்கிலாந்திலும் பூட்டு இருந்தது. ஆனால் மனிதன் போட்டது என்று ஒப்புக்கொண்டார்கள். 1563-ல் செய்த ஒரு சட்டப்படி ஏழு வருஷம் ஒரு எஜமானனிடத்தில் தொழில் பழகாதவன் அந்தத் தொழிலைச் செய்யக் கூடாது. ஷெபீல்டு பட்டணத்தில் கத்தி செய்கின்ற எஜமானன் ஒரு சமயத்தில் ஒரு பையனுக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. தொழில் தெரிந்தவர்கள் பெருகினால் தங்கள் லாபம் குறையுமென்று முன்பே உள்ளே இருந்தவர்கள் செய்துகொண்ட ஏற்பாடு இது. ஏழையின் சொத்து அவன் கையின் பலமும் கைத்திறமையும்தான். பிறருக்குத் தீங்கில்லாமல் அதை அவன் இஷ்டப்படி உபயோகிப்பதைத் தடுப்பது திருட்டுக்குச் சமானம் என்பது ஸ்மித்தின் வாதம்.

அவர் கண்ணெதிரே நடந்த ஒன்றைச் சொல்லுகிறோம். ஜேம்ஸ் வாட் என்கின்ற வாலிபர் கருவிகள் செய்வதில் கெட்டிக்காரர். லண்டனில் ஒரு வருஷந்தான் பழகியவர். ஏழு வருஷக் கணக்கு இல்லாததால் கிளாஸ்கோ நகரத்துத் தொழிற்கூட்டார் அவரைப் பட்டறை வைக்க விடவில்லை என்பார்கள். ஸ்மித் அங்கே ஆசிரியராயிருந்த காலத்தில், 1757-ல், சர்வகலாசாலையார் தங்கள் மதிலுக்குள் அவருக்கு இடம் கொடுத்தார்கள். அந்த ஜேம்ஸ் வாட்தான் பின்னால் நீராவி இயந்திரத்தைச் சீர்திருத்தி உலகத்தையே மாற்றினார். நம் நாட்டில் ஆயிரக்கணக்கான வருஷங்களாக எத்தனை ஜேம்ஸ் வாட்டுகள் மாடு மேய்த்து, மலம் சுமந்து, செத்துப் போனார்களோ! அந்த நஷ்டத்தை எந்த ஐந்தொகையில் எழுதுவது?

முதலாளிகளைப் பற்றியும் அவர் சும்மா விடவில்லை. ஒரே வியாபாரம் செய்கிறவர்கள் விருந்துக்குக் கூடினாலும், பேச்சு முடிவில் விலையை ஏற்றுகின்ற சதியில்தான் போய் நிற்கும் என்கிறார். எஜமானர்கள் கூலியைக் குறைக்கச் சேர்ந்தால் தடுக்கச் சட்டமில்லை. கூலிக்காரர்கள் உயர்த்தச் சேர்ந்தால் மட்டும் தண்டனை என்பதை எடுத்துக் காட்டுகிறார். லண்டன் தையற்காரர்களுக்கு நாள் ஒன்றுக்கு 2 ஷில்லிங் 7½ பென்ஸுக்கு மேல் கொடுக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது என்று அக்காலத்தில் சட்டம் செய்திருந்தார்கள். சட்டசபையார் இம்மாதிரி விஷயத்தில் எப்போதும் எஜமானர்களைக் கேட்டே நடக்கிறார்கள். ஆகையால் கூலிக்காரனுக்கு அனுகூலமாக ஒரு சட்டம் தப்பித் தவறி வந்தால் அது நியாயமாகத்தான் இருக்கும் என்பது அவர் தீர்ப்பு. தொழிலாளி சட்டத்தை எதிர்க்க ஆடம் ஸ்மித்தைச் சாக்ஷிக்கு அழைக்கிற முதலாளிகள் இந்தச் சாக்ஷியைக் குறுக்கு விசாரணை செய்ய ஒப்புவார்களா?

கம்பெனி ஆட்சி

அவர் காலத்தில் நம் நாடு கிழக்கிந்தியக் கம்பெனியின் கையில் சிக்கிக்கொண்டிருந்தது. இந்தியாவோடு வியாபாரம் செய்ய இங்கிலாந்தில் வேறொருவருக்கும் உரிமையில்லாதபடி ஏகபோகம் வாங்கிய கூட்டம் அது. வியாபாரியே ராஜாவானால் என்னவாகும் என்று ஸ்மித் கணக்குப் போட்டார். ராஜாவுக்குத் தன் நாடு செழித்தால் லாபம். வியாபாரிக்கோ அந்த நாட்டில் மலிவாக வாங்கினால் லாபம். ஒரே ஆள் இரண்டு வேஷமும் போட்டால் வியாபாரிதான் ஜெயிப்பான், குடிகள் சாவார்கள். கசகசா விளைந்த நிலத்தை உழுது நெல் போடு என்றும், நெல் விளைந்த நிலத்தை உழுது கசகசா போடு என்றும், அபினி லாபத்துக்குத் தகுந்தபடி கம்பெனிச் சிப்பந்திகள் குடியானவனைக் கட்டாயப்படுத்தியதைக் கண்டித்தார். 1770-ல் வங்காளத்தில் பஞ்சம் வந்து ஜனங்கள் கூட்டம் கூட்டமாக மாண்டார்கள். மழையில்லாததால் வந்த பற்றாக்குறையைப் பெரும் பஞ்சமாக மாற்றியதில் அரிசி வியாபாரத்துக்குக் கம்பெனிச் சிப்பந்திகள் போட்ட கட்டுப்பாடுகளுக்கும் பங்கு இருக்கலாம் என்று எழுதினார். சொந்த ஜாதிக்காரன், சொந்த தேசத்தான் என்று பார்க்காமல் சொன்னதுதான் அவருடைய பெருமை. கம்பெனியின் இந்திய ஏகபோகம் 1813-லும், சீன வியாபார ஏகபோகம் 1833-லும் ஒழிந்தன.

கண்ணுக்குத் தெரியாத கை

ஸ்மித்தின் பெயரைச் சொன்னால் எல்லோரும் சொல்லுவது “கண்ணுக்குத் தெரியாத கை” என்பதாகும். ஒவ்வொருவனும் தன் லாபத்தை நாடி நடக்கும்போது, தான் நினையாமலே சில சமயம் பொது நன்மைக்கும் உதவி விடுகிறான் என்பது அதன் கருத்து. அந்தப் பெரிய புஸ்தகத்தில் இந்த வார்த்தை ஒரே ஒரு தடவைதான் வருகிறது. ஆனால் இதைப் பிடித்துக்கொண்டு, “அது கடவுளின் கை, சந்தையில் நடப்பதெல்லாம் பகவான் செயல், ஏழை ஏழையாயிருப்பதும் அந்தக் கை செய்ததே” என்று கோவில் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. வான சாஸ்திர சரித்திரத்தைப் பற்றி அவர் எழுதிவைத்து, இறந்த பிறகு 1795-ல் வெளியான கட்டுரையிலும் இதே வார்த்தை வருகிறது. அங்கே இடி மின்னல் முதலியவை ஏன் வருகின்றன என்று தெரியாத பழங்கால மனிதர்கள், அவற்றை ஜூபிடர் தேவனின் கண்ணுக்குத் தெரியாத கை செய்வதாக நினைத்தார்கள் என்று, மூடநம்பிக்கைக்கு உதாரணமாகச் சொல்லுகிறார்! அவர் நாஸ்திகர் என்று நாம் சொல்ல வரவில்லை. தமது நூல்களில் கடவுளைப் பற்றி மரியாதையாகவே பேசுகிறார். ஆனால் காரணம் தெரியாத இடத்தில் கையை வைக்கிற வழக்கம் எப்படி வந்தது என்பது அவருக்கு நன்றாய்த் தெரியும்.

சுயநலத்தைப் பற்றிச் சொன்னதையும் திரித்துச் சொல்லுகிறார்கள். இறைச்சிக் கடைக்காரனும் ரொட்டிக் கடைக்காரனும் நம்மேல் இரக்கப்பட்டு நமக்குச் சாப்பாடு தரவில்லை. தங்கள் லாபத்துக்காகவே தருகிறார்கள் என்றார். ஏன் சொன்னார்? பிறர் தயவையே நம்பிப் பிழைக்கிறவன் பிச்சைக்காரன் மாத்திரந்தான் என்பதற்காகச் சொன்னார். காசைக் கொடுத்து அரிசியை வாங்குகிறவன் கடைக்காரன் காலில் விழ வேண்டியதில்லை. இருவரும் நிமிர்ந்து நிற்கலாம். இதைத்தான் நாம் சுயமரியாதை என்கிறோம். அரிசிக் கடையில் படியை அளந்து பார்க்கலாம். குறைந்தால் அடுத்த கடைக்குப் போகலாம். காசு வாங்கிக்கொண்டு மோக்ஷம் விற்கிறவனிடத்தில் எந்தப் படியால் அளப்பது? செத்த பிறகுதானே சரக்கு கைக்கு வரும்!

புரோகிதமும் கல்வியும்

மத ஸ்தாபனங்களையும் அவர் கணக்குப் பார்த்தே ஆராய்ந்தார். ஐரோப்பாவில் குருமார்களின் ஆதிக்கம் குறைந்ததற்கு வாதங்கள் மட்டும் காரணமல்ல என்கிறார். நிலங்களின் விளைச்சலைச் செலவழிக்க வேறு வழியில்லாத காலத்தில், அவர்கள் அதைக் கொண்டு ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சோறு போட்டு அடிமை கொண்டிருந்தார்கள். கைத்தொழிலும் வியாபாரமும் வளர்ந்து நல்ல நல்ல சாமான்கள் சந்தைக்கு வந்தவுடன், விளைச்சலையெல்லாம் தங்கள் சுகத்துக்கே செலவழித்தார்கள். சோறு நின்றது, பக்தியும் குறைந்தது என்கிறார்.

கல்வி விஷயத்தில் சர்க்கார் சும்மா இருக்க வேண்டும் என்று அவர் சொல்லவேயில்லை. நாள் முழுவதும் குண்டூசி முனையையே கூராக்கிக் கொண்டிருப்பவன் அறிவு மழுங்கிப் போவான். சர்க்கார் முயற்சி எடுக்காவிட்டால் ஏழைகள் கதி அதுதான். ஆகையால் ஊருக்கு ஊர், கூலிக்காரனும் கட்டக்கூடிய சம்பளத்தில், ஆசிரியருக்குப் பொதுப் பணத்திலிருந்தும் உதவி செய்து, பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்றார். மதவெறிக்கும் மூடநம்பிக்கைக்கும் விஞ்ஞானந்தான் மாற்று மருந்து என்பதும் அவர் எழுதியதே.

1776 ஆகஸ்டு மாதத்தில் ஹியூம் இறந்தார். சாகும்போதாவது கடவுளைக் கூப்பிடுவார் என்று பாதிரிகள் காத்திருந்தார்கள். அவரோ, மூடநம்பிக்கை ஒழிவதைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று யமலோகத்து ஓடக்காரனிடம் தவணை கேட்கலாமா என்று வேடிக்கை பேசிக்கொண்டு அமைதியாய் இறந்தார். இதை உள்ளபடி எழுதி, அவரைப் போன்ற அறிவும் ஒழுக்கமும் உள்ளவர் அரிது என்று ஸ்மித் ஒரு கடிதம் வெளியிட்டார். பிடித்துக்கொண்டது நெருப்பு! இங்கிலாந்தின் வியாபார முறை முழுவதையும் தாக்கிய புஸ்தகத்துக்குக் கிடைத்ததைவிடப் பத்து மடங்கு வசவு இந்த ஒரு காகிதத்துக்குக் கிடைத்தது என்று 1780-ல் எழுதினார். கடவுள் இல்லாமல் ஒருவன் யோக்கியனாய் வாழ்ந்து நிம்மதியாய்ச் சாகலாம் என்பதைவிட, மத வியாபாரிக்கு நஷ்டமான செய்தி வேறு என்ன?

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. மதத்தைப் பற்றித் தாம் எழுதிய சம்பாஷணை நூலை வெளியிடும்படி ஹியூம் ஸ்மித்தைக் கேட்டுக்கொண்டார். ஸ்மித் பின்வாங்கிவிட்டார். 1779-ல் ஹியூமின் அண்ணன் மகன்தான் வெளியிட்டார். பெரியவர்களுக்கும் பயம் உண்டு. நமக்கு மகான்கள் வேண்டியதில்லை, மனிதர்கள் போதும்.

நாம் ஒப்பாத இடம்

ஒரு தோழர் சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார்: “தடையை எடுத்துவிட்டால் போதும், சந்தையே எல்லாவற்றையும் சரி செய்துவிடும் என்கிறீர்களா?” என்று. சரியான கேள்வி. நாம் அப்படிச் சொல்லவில்லை.

காசைக் கொடுத்தால் கடைக்காரன் லாபத்துக்காகச் சரக்கைக் கொடுப்பான் என்றார் ஸ்மித். நம் ஊர்க் காப்பிக் கடையில் நடந்தது என்ன? ஆதிதிராவிடத் தோழர் காசை நீட்டினாலும் உள்ளே விடவில்லை. தனி டம்ளர் வைத்தார்கள். நம் நாட்டுக் கடைக்காரனுக்கு லாபத்தைவிட ஜாதி பெரிதாயிருந்தது. அவனோடு போட்டி போட இன்னொருவன் கடை வைத்து எல்லோரையும் வரவேற்றால், மற்ற ஜாதியார் அந்தக் கடைக்கு வரமாட்டார்கள். ஆக, அங்கே போட்டி என்பது வேலை செய்யவில்லை. கிளர்ச்சி செய்ய வேண்டியிருந்தது. 1950-ல் அமுலுக்கு வந்த அரசியல் சட்டத்திலேயே, கடைக்கும் ஹோட்டலுக்கும் கிணற்றுக்கும் ஜாதி காரணமாக யாரையும் தடுக்கக் கூடாது என்று எழுத வேண்டியிருந்தது. தலைமுறை தலைமுறையாய்க் காலைக் கட்டி வைத்திருந்தவனை அவிழ்த்துவிட்டு, “இனி பந்தயத்தில் ஓடு” என்பது நியாயமல்ல. நிலமும் படிப்பும் உத்தியோகமும் முன்பே ஒரு பக்கத்தில் குவிந்திருக்கும்போது, தடையை எடுப்பது பாதி வேலைதான். மீதிப் பாதிக்கு ஸ்மித்தின் புஸ்தகத்தில் வழி போதாது. இது நம்முடைய அபிப்பிராயம்.

ஆனால் முதற் பாதியே இன்னும் முடியவில்லையே, தோழர்களே! மலம் அள்ளும் வேலையில் மனிதரை விடக் கூடாது என்று 1993-ல் சட்டம் செய்தார்கள். போதாதென்று 2013-ல் மறுபடியும் செய்தார்கள். அதற்குப் பிறகும் சாக்கடைக் குழியில் இறங்கி விஷவாயுவில் செத்தவர்கள் பெரும்பாலும் எந்த ஜாதியார் என்று பாருங்கள். கோவில்களில் பரம்பரை அர்ச்சகர் உரிமையை ஒழிக்க 1970-ல் தமிழ்நாட்டுச் சட்டசபையில் சட்டம் செய்தும், படித்துத் தேறிய பல ஜாதியாருக்கும் அர்ச்சகர் உத்தியோகம் கொடுக்க 2021 வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. கோவிலுக்குப் போகச் சொல்லுவதற்காக நாம் இதைச் சொல்லவில்லை. உட்பூட்டும் வெளிப்பூட்டும் எவ்வளவு கெட்டியானவை என்பதற்காகச் சொல்லுகிறோம்.

முடிவாக ஒன்று. 1778-ல் ஸ்மித்துக்கு எடின்பரோவில் சுங்க இலாகா கமிஷனர் வேலை கொடுத்தார்கள். சுங்கத் தடைகள் வேண்டாமென்றவருக்கே சுங்க உத்தியோகம்! இறக்குமதி செய்யக் கூடாத சாமான்களின் ஜாபிதாவை அவர் எடுத்துப் பார்த்தார். பிறகு தம் வீட்டுப் பெட்டியைத் திறந்து பார்த்தார். தம் கழுத்துத் துணி, கைக்குட்டை எல்லாம் அநேகமாகத் தடுக்கப்பட்ட சரக்காகவே இருந்தன! ஊருக்கு முன்மாதிரியாக அவற்றையெல்லாம் கொளுத்தினார். பிறகு ஒரு தோழருக்குக் கடிதம் எழுதி, உங்கள் வீட்டுப் பெட்டியைப் பார்க்கும்படி நான் சொல்லமாட்டேன், பார்த்தால் நீங்களும் இதே சங்கடத்தில் மாட்டிக்கொள்ளுவீர்கள் என்றார்.

நாமோ அதற்கு மாறாக உங்களுக்குச் சொல்லி முடித்துக்கொள்ளுகிறோம். ஊரிலுள்ள ஜாதியைப் பற்றி இவ்வளவு நேரம் கேட்டீர்கள். வீட்டுக்குப் போனவுடன் உங்கள் வீட்டுப் பெட்டியைத் திறந்து பாருங்கள். உங்கள் மகனுக்குத் தொழில் தேடும்போதும், உங்கள் மகளுக்குப் படிப்புத் தேடும்போதும், உங்கள் களத்தில் கூலி அளக்கும்போதும், எந்தப் பூட்டை நீங்களே இடுப்பில் சொருகி வைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். ஆடம் ஸ்மித் சொன்னார் என்பதற்காக ஒன்றையும் நம்ப வேண்டாம். நாம் சொன்னோம் என்பதற்காகவும் நம்ப வேண்டாம். உங்கள் பகுத்தறிவுக்குச் சரியென்று பட்டதை ஏற்று, மற்றதைத் தள்ளிவிடுங்கள்.